பூச்சிக்கும் முகவரி உண்டு

ஒரு புதிரோடு தொடங்குவோம்.

ஓர் அருங்காட்சியகத்தில் பழைய பூச்சிப் பெட்டி ஒன்றைத் திறப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உள்ளே, மெல்லிய ஊசியில் குத்தி வைக்கப்பட்ட ஒரு பூச்சி. ஒல்லியான உடல், மிக நீண்ட கால்கள், நான்கு சிறகுகள். ஊசியின் அடியில், தபால்தலையைவிடச் சிறிய ஒரு காகிதத் துண்டு. அதில் ஆங்கில எழுத்துகளில் 'கொத்தமங்கலம்' என்ற ஒரே சொல். வேறொன்றும் இல்லை.

இந்தப் பூச்சி எந்த ஊரில் பிடிபட்டது?

"இதில் என்ன சந்தேகம்? எங்கள் ஊர்தான்" என்பார் காரைக்குடியை அடுத்த செட்டிநாட்டுக் கொத்தமங்கலத்து மாணவர். "அதெப்படி? எங்கள் ஊரின் பெயரும் அதுதானே?" என்று கேட்பார் புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்தில் உள்ள கொத்தமங்கலத்து மாணவி. கேரளத்திலிருந்து மூன்றாவதாக ஒருவர் எழுந்து நிற்பார். எர்ணாகுளம் மாவட்டத்தில் உள்ள அவருடைய ஊர் கோதமங்கலம். தமிழிலும் மலையாளத்திலும் எழுதினால் வேறுபாடு தெரியும். ஆங்கிலத்தில் எழுதினாலோ மூன்றும் ஒன்றே!

மூவரில் யார் சொல்வது சரி? இது வெறும் ஊர்ப் பெருமைச் சண்டை அல்ல. ஓர் உயிரினம் உலகில் எங்கெங்கு வாழ்கிறது என்று சொல்லும் அறிவியல் முழுவதும் இந்தச் சிறு காகிதத் துண்டில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. எப்படி என்று பார்ப்போம். அதற்கு முன், பெட்டியில் இருந்த பூச்சியை அறிமுகம் செய்துகொள்வோம்.

நிற்கத் தெரியாத பூச்சி

இந்தப் பூச்சிக்குத் தமிழில் ஊரறிந்த பெயர் இல்லை. நாம் இதைத் 'தொங்குபூச்சி' என்று அழைப்போம். பொருத்தமான பெயர்தான். ஏனெனில் இதனால் நம் வீட்டு ஈயைப்போலத் தட்டையான இடத்தில் நிற்க முடியாது. கால்கள் உடலைத் தாங்கும் வகையில் அமையவில்லை. ஆகவே புல்லின் தாளையோ, செடியின் சிறு கிளையையோ முன்னங்கால்களால் பற்றிக்கொண்டு, துணிக் கொடியில் மாட்டிய சட்டையைப் போலத் தொங்கிக்கொண்டே இருக்கும்.

சோம்பேறி என்று எண்ணிவிடாதீர்கள்! அது வேட்டைக்குக் காத்திருக்கிறது. முன்னங்கால்கள் கிளையைப் பற்றியிருக்க, பின்னங்கால்கள் கீழே தளர்ந்து தொங்குகின்றன. அருகே ஒரு சிறு ஈ பறந்து வந்தால் போதும், பின்னங்கால் சட்டென்று நீண்டு அதைப் பிடித்துக்கொள்ளும். சிலசமயம் தானே மெல்லப் பறந்து சென்றும் இரையைப் பிடிக்கும். கும்பிடுபூச்சி முன்னங்கால்களால் வேட்டையாடும் என்பது உங்களுக்குத் தெரியும். தொங்குபூச்சியோ பின்னங்கால்களால் வேட்டையாடுகிறது. அதன் பாதத்தின் கடைசிக் கணு, மடித்து மூடும் பேனாக்கத்தியைப் போல முந்தைய கணுவின்மீது மடிந்துகொள்ளும். நடுவில் சிக்கிய இரை தப்ப வழியில்லை. பிறகு, அலகுபோல் கீழ்நோக்கி நீண்டிருக்கும் வாயால் இரையின் உடலைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சிவிடும்.

வேறு பூச்சிகளிலிருந்து இதைப் பிரித்தறிவது எப்படி? இங்கேதான் பலரும் ஏமாந்து போவார்கள். மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வந்து, சுவரில் நீண்ட கால்களைப் பரப்பி உட்காரும் ஓர் ஈயைப் பார்த்திருப்பீர்கள். பெரிய கொசுவைப்போல இருக்கும், ஆனால் கடிக்காது. அந்த நெடுங்கால் ஈயும் தொங்குபூச்சியும் தூரத்தில் பார்த்தால் உடன்பிறப்புகளைப்போலத் தோன்றும். நெடுங்கால் ஈக்களில் சிலவும் தொங்கும் வழக்கமுடையவை. எனவே தொங்குவதை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது.

மூன்று அடையாளங்களைப் பாருங்கள். முதலாவது, சிறகுகளை எண்ணுங்கள். நெடுங்கால் ஈக்கு இரண்டே சிறகுகள். பின்சிறகுகள் இருக்கவேண்டிய இடத்தில் சிறு குமிழ்கள் மட்டுமே இருக்கும். தொங்குபூச்சிக்கு நான்கு சிறகுகள். இரண்டாவது, முகத்தைப் பாருங்கள். தொங்குபூச்சியின் முகம் அலகுபோல் நீண்டிருக்கும். மூன்றாவது, பாதத்தின் நுனியைப் பாருங்கள். தொங்குபூச்சிக்கு அங்கே ஒரே ஒரு நகம்தான். மணலில் குழி பறிக்கும் குழியானை வளர்ந்து சிறகு முளைத்த பின்னும் நான்கு சிறகுகளோடுதான் இருக்கும். ஆனால் அதன் கால்கள் குட்டையானவை, உணர்கொம்பின் நுனி தடித்திருக்கும். ஆகவே குழப்பம் வராது.

தொங்குபூச்சிகளின் மணவாழ்க்கையும் விசித்திரமானது. ஆண்பூச்சி ஓர் இரையைப் பிடித்து வந்து பெண்பூச்சிக்குப் பரிசாகக் கொடுக்கும். ராண்டி தார்ன்ஹில் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1970களில் இதை விரிவாக ஆராய்ந்தார். பரிசு சிறியதாக இருந்தால் பெண் விரைவில் விலகிப் போய்விடுகிறது. சில ஆண்பூச்சிகள் பெண்ணைப்போல நடித்து, இன்னோர் ஆண் கொண்டு வந்த இரையைத் தட்டிப் பறித்துக்கொள்கின்றன! தார்ன்ஹிலின் பூச்சி இன்னும் சற்று நேரத்தில் மறுபடியும் நமக்குப் பயன்படப் போகிறது. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயருக்குள் ஒரு சரித்திரம்

உயிரினங்களை இனம் பிரித்துப் பெயரிட்டு அடுக்கி வைக்கும் துறைக்கு வகைப்பாட்டியல் என்று பெயர். நூலகத்தில் புத்தகங்களை அடுக்குவதைப் போன்றது இது. தொங்குபூச்சிகள் இந்த அடுக்கில் எங்கே இருக்கின்றன?

பூச்சிகளின் பெரும் பிரிவுகளை 'வரிசை' என்பார்கள். தொங்குபூச்சிகள் 'மெக்கோப்டெரா' என்ற வரிசையைச் சேர்ந்தவை. கிரேக்க மொழியில் இதற்கு 'நீண்ட சிறகு' என்று பொருள். வண்டுகளின் வரிசையில் லட்சக்கணக்கான இனங்கள் உண்டு. இதிலோ உலகம் முழுவதும் சேர்த்தே அறுநூற்றுச் சொச்சம் இனங்கள்தாம். அவற்றில் சுமார் 200 இனங்கள் தொங்குபூச்சிகளின் குடும்பமான 'பிட்டாசிடே'யைச் சேர்ந்தவை. நாய், பூனைகளின் உடலில் குதித்துத் திரியும் தெள்ளுப்பூச்சியும் இந்த வரிசைக்குள்தான் அடங்கும் என்று 2020ஆம் ஆண்டு வெளியான ஒரு மரபணு ஆய்வு கூறுகிறது. சிறகே இல்லாத தெள்ளுப்பூச்சி 'நீண்ட சிறகு' வீட்டுப் பிள்ளையாம்!

குடும்பத்துக்குள் பேரினங்கள், பேரினத்துக்குள் சிற்றினங்கள். ஒவ்வொரு சிற்றினத்துக்கும் இரண்டு சொற்களால் ஆன பெயர் உண்டு என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட நூலின் பதிப்பிலிருந்துதான் விலங்குகளின் அறிவியல் பெயர்களுக்குக் கணக்கு தொடங்குகிறது. பாடப்புத்தகம் பொதுவாகச் சொல்லாமல் விடும் இன்னொரு செய்தியும் உண்டு. முழுமையாக எழுதும்போது அப்பெயருக்குப் பின்னால் பெயரிட்டவரும் ஆண்டும் வருவார்கள். ஓர் உதாரணம் பாருங்கள்:

அனாபிட்டாகஸ் இரிடிபென்னிஸ் கிம்மின்ஸ், 1929.

இது தென் அமெரிக்காவின் சிலி நாட்டுத் தொங்குபூச்சி. 'இரிடிபென்னிஸ்' என்றால் வானவில் நிறம் காட்டும் சிறகுடையது என்று பொருள். லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய கிம்மின்ஸ் என்பவர் 1929இல் இதற்குப் பெயர் சூட்டினார். ஏற்கெனவே இருந்த பேரினம் எதிலும் இது பொருந்தாததால், இதற்கென்றே ஒரு புதிய பேரினத்தையும் அமைத்தார். அந்தப் பேரினத்தில் இருப்பது இந்த ஒரே சிற்றினம்தான். இனி அடுத்ததைப் பாருங்கள்:

ஹைலோபிட்டாகஸ் ஏபிகாலிஸ் (ஹேகன், 1861).

இங்கே பெயரிட்டவரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் இருக்கின்றன. அச்சுப் பிழையா? இல்லை! அந்த அடைப்புக்குறி ஒரு கதை சொல்கிறது. ஹேகன் 1861இல் இந்தப் பூச்சியை 'பிட்டாகஸ்' என்ற பேரினத்தில் வைத்துத்தான் பெயரிட்டார். கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பையர்ஸ் 1979இல் 'ஹைலோபிட்டாகஸ்' என்ற புதிய பேரினத்தை அமைத்து இதை அதற்குள் மாற்றினார். முதலில் வைத்த பேரினத்திலிருந்து இடம் மாறிய இனங்களுக்கெல்லாம் இப்படி அடைப்புக்குறி போடவேண்டும் என்பது விதி. அப்படியானால் சிலி நாட்டுப் பூச்சியின் பெயரில் ஏன் அடைப்புக்குறி இல்லை? கிம்மின்ஸ் வைத்த இடத்திலேயே அது இன்றும் இருக்கிறது, அவ்வளவுதான்.

தார்ன்ஹில் ஆராய்ந்த பூச்சி நினைவிருக்கிறதா? அது இந்த ஏபிகாலிஸ்தான். அவர் 1976இல் எழுதிய கட்டுரையில் அதன் பெயர் 'பிட்டாகஸ் ஏபிகாலிஸ்'. இன்றைய நூல்களில் 'ஹைலோபிட்டாகஸ் ஏபிகாலிஸ்'. விஷயம் தெரியாதவர் இவை இரண்டு வெவ்வேறு பூச்சிகள் என்று எண்ணிவிடலாம். பூச்சி மாறவில்லை, அதைப்பற்றிய நம் புரிதல் வளர்ந்திருக்கிறது.

பெயர்கள் இப்படி மாறிக்கொண்டே இருந்தால் குழப்பம் வராதா? வராமல் இருக்க ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு புதிய இனத்துக்குப் பெயரிடும்போது, 'இதுதான் அந்த இனம்' என்று காட்ட ஒரு பூச்சியைத் தேர்ந்தெடுத்து, அருங்காட்சியகத்தில் பத்திரப்படுத்துகிறார்கள். இதை 'மூல மாதிரி' எனலாம். எத்தனை தலைமுறைக்குப் பின் ஐயம் எழுந்தாலும் பெட்டியைத் திறந்து அந்த மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தொங்குபூச்சிகளில் சிறகு நரம்புகளின் அமைப்பையும், ஆண்பூச்சியின் வால்நுனி உறுப்புகளையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டே இனம் காண்கிறார்கள்.

உலகப் படத்தில் தொங்குபூச்சிகள்

பெயர் ஆயிற்று. அடுத்த கேள்வி: எங்கே வாழ்கிறது? இதற்குப் 'பரவல்' என்று பெயர்.

உலகப் படத்தை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். தொங்குபூச்சிகள் ஐரோப்பாவில் உண்டு, ஆப்பிரிக்காவில் உண்டு, ஆசியாவில் உண்டு, இரு அமெரிக்காக்களிலும் உண்டு, ஆஸ்திரேலியாவிலும் உண்டு. ஆனால் ஆஸ்திரேலியாவுக்கு அருகே உள்ள நியூசிலாந்தில் இல்லை. பேரினங்களைப் பார்த்தால் படம் இன்னும் சுவையானது. பிட்டாகஸ் என்ற பேரினம் பல கண்டங்களில் பரவிக் கிடக்கிறது. அனாபிட்டாகஸோ சிலி நாட்டோடு சரி. ஹார்ப்போபிட்டாகஸ் ஆஸ்திரேலியாவுக்கு மட்டுமே உரியது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஓர் இனம் சிறகுகளையே இழந்து, புல்வெளியில் தொற்றித் தொற்றி வாழ்கிறது.

நம் நாட்டுத் தொங்குபூச்சிகள் பிட்டாகஸ் பேரினத்தைச் சேர்ந்தவை. லண்டனில் பணியாற்றிய பிரான்சிஸ் வாக்கர் 1853இல் ஓர் இனத்துக்கு 'பிட்டாகஸ் இண்டிகஸ்', அதாவது 'இந்திய பிட்டாகஸ்' என்று பெயரிட்டார். பெயர் ஒரு நாட்டைச் சொல்கிறதே தவிர, ஊரைச் சொல்லவில்லை! பெயரை நம்பிப் பரவலைத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு ஐரோப்பாவிலும் ஓர் உதாரணம் உண்டு. 1766இல் பெயரிடப்பட்ட 'இத்தாலிகஸ்' என்ற தொங்குபூச்சி இத்தாலியில் மட்டுமல்ல, ஐரோப்பாவின் வேறு பல நாடுகளிலும் வாழ்கிறது.

கண்டம் கண்டமாகப் பிரிந்து கிடக்கும் இந்த உறவினர்கள் கடலைத் தாண்டிப் பறந்தா போனார்கள்? காற்றில் தட்டுத் தடுமாறிப் பறக்கும் பூச்சிக்கு அது ஆகிற காரியமா? விடை நிலத்தின் சரித்திரத்தில் இருக்கிறது. தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா ஆகியவை ஒரு காலத்தில் ஒரே பெருநிலமாக ஒட்டியிருந்தன. அதன் பெயர் கோண்ட்வானா. நம் நாட்டின் மத்தியப் பகுதியில் கோண்டு மக்கள் வாழும் நிலத்தின் பெயரே அப்பெருநிலத்துக்கு வந்தது என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி.

மெக்கோப்டெரா வரிசையில் 'நானோகோரிஸ்டிடே' என்று ஒரு சிறு குடும்பம் உண்டு. அதன் புழுக்கள் நீரில் வாழ்பவை. இன்று இக்குடும்பம் தென் அமெரிக்காவின் தென்கோடியிலும், ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கிலும் டாஸ்மேனியாவிலும், நியூசிலாந்திலும் மட்டுமே வாழ்கிறது. நடுவிலே பசிபிக் பெருங்கடல்! உடைந்து பிரிந்த கோண்ட்வானாவின் துண்டுகளில் ஏறி இவை பிரிந்து சென்றன என்று விளக்குவார்கள்.

அழகான விளக்கம். ஆனால் இன்னொரு சான்றையும் பார்க்கவேண்டும். இதே குடும்பத்தைச் சேர்ந்த பூச்சிகளின் புதைபடிவங்கள் சீனாவின் ஜுராசிக் காலப் பாறைகளில் கிடைத்திருக்கின்றன. சீனா கோண்ட்வானாவைச் சேர்ந்ததல்ல. அப்படியானால் இக்குடும்பம் ஒரு காலத்தில் வடக்கிலும் வாழ்ந்து, பின்னர் அங்கே அழிந்து, தெற்கில் மட்டும் எஞ்சியிருக்கிறது. தொங்குபூச்சிகளின் நெருங்கிய உறவினம் ஒன்றும் சீனாவில் 16½ கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறையில் கிடைத்தது. அதன் சிறகுகள் கின்கோ மரத்தின் இலையைப்போலவே இருந்தன! இலைகளுக்கிடையே ஒளிந்துகொள்ள அது உதவியிருக்கும் என்று 2012இல் அதை விவரித்த விஞ்ஞானிகள் எழுதினார்கள்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? இன்றைய பரவல் படத்தை மட்டும் வைத்து நேற்றைய கதையை எழுதிவிட முடியாது. படத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் முக்கியம். ஒரு புள்ளி தவறான இடத்தில் விழுந்தாலும் கதை மாறிப் போகும்.

புள்ளியை வைப்பவர் யார்?

பரவல் படத்தில் ஒரு புள்ளி எப்படி விழுகிறது? யாரோ ஒருவர் ஓர் இடத்தில் அந்தப் பூச்சியைப் பிடித்து, இடத்தையும் நாளையும் எழுதி வைத்தார், அதுதான் புள்ளி. வேறு வழி கிடையாது.

1976ஆம் ஆண்டில் மைக்கேல் ரஸ்ட், ஜார்ஜ் பையர்ஸ் ஆகிய இருவரும் இந்தியாவிலும் அண்டை நாடுகளிலும் உள்ள மெக்கோப்டெரா பூச்சிகளைப்பற்றி ஒரு விரிவான நூலை வெளியிட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 1979இல், நார்மன் பென்னியும் பையர்ஸும் சேர்ந்து உலக மெக்கோப்டெராவுக்கே ஒரு பட்டியல் தயாரித்தார்கள். அது பிரேசில் நாட்டில், அமேசான் காடுகளுக்கு நடுவே உள்ள மனாஸ் நகரத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. இப்படிப்பட்ட பணிகளுக்காக எத்தனையோ அருங்காட்சியகங்களின் பெட்டிகளைத் திறந்து, ஊசியின் கீழுள்ள காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்கவேண்டும்.

அந்தத் துண்டுகளை எழுதியவர்களில் நம் பகுதிக்காரர் ஒருவரை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். அவர் பி. சூசை நாதன். காரைக்கால் பகுதியில் உள்ள குரும்பகரம் என்ற சிற்றூரிலும், கோயம்புத்தூரிலும், ஆனைமலை, நீலகிரி மலைகளிலும் அவர் சேகரித்த பூச்சிகள் இன்று உலகின் பல அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்த சார்லஸ் அலெக்சாண்டர் என்பவர் தம் வாழ்நாளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நெடுங்கால் ஈ இனங்களுக்குப் பெயரிட்டவர். தென்னிந்தியாவிலிருந்து அவர் விவரித்தவற்றில் பல, சூசை நாதன் சேகரித்து அனுப்பியவை.

சூசை நாதனின் துண்டுகளில் என்ன இருக்கும்? 'ஆனைமலை, சின்கோனா, 3,500 அடி' என்பதுபோல மலையின் பெயர், இடத்தின் பெயர், கடல் மட்டத்திலிருந்து உயரம். உடன் மாதமும் ஆண்டும், சேகரித்தவர் பெயரும். சின்கோனா என்பது வால்பாறைக்கு அருகே உள்ள தோட்டப் பகுதி. அந்த ஒரு வரியைப் படித்த எவரும், கடல் கடந்து எந்த நாட்டில் இருந்தாலும், 'இது சமவெளிப் பூச்சி அல்ல, மழைக்காட்டுப் பூச்சி' என்று உடனே புரிந்துகொள்வார். குரும்பகரம் என்ற சிற்றூர் உலகப் பூச்சியியல் நூல்களில் இடம்பெற்றது இப்படித்தான்.

எந்தக் கொத்தமங்கலம்?

இப்போது நம் புதிருக்கு வருவோம். மூன்று ஊர்களையும் படத்தில் தேடுங்கள்.

செட்டிநாட்டுக் கொத்தமங்கலம் வறண்ட சமவெளி. சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 90 செ.மீ. அளவுக்கே மழை பெய்கிறது; அதிலும் பெரும் பங்கு வடகிழக்குப் பருவமழை. கண்மாய்களையும் ஊருணிகளையும் நம்பி வாழும் பூமி அது. கேரளத்துக் கோதமங்கலமோ மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். பக்கத்திலேயே தட்டேக்காடு பறவைகள் சரணாலயம். 250 செ.மீ.க்கும் அதிகமாக மழை கொட்டும் இடம். ஒன்றில் தென்மேற்குப் பருவக்காற்று நனைக்கும் காடு. மற்றொன்றில் அதே காற்று வறண்டு வீசும் செம்மண். இரண்டிலும் ஒரே பூச்சி வாழும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியுமா?

வேடிக்கை என்னவென்றால், இரண்டு ஊர்களும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், அதாவது 10 பாகை வடக்கை ஒட்டி அமைந்திருக்கின்றன. ஆகவே துண்டில் அட்சரேகையை மட்டும் எழுதியிருந்தாலும் புதிர் தீராது! தீர்க்கரேகை வேண்டும். கேரளத்து ஊர் 76.6 பாகை கிழக்கு. செட்டிநாட்டு ஊர் 79 பாகையை ஒட்டியது. இந்த அட்சத்தில் ஒரு பாகைத் தீர்க்கம் சுமார் 110 கி.மீ. தூரம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு ஊர்களுக்கும் இடையே 230 கி.மீ.க்குக் குறையாது. இடையில் ஒரு மலைத்தொடரே நிற்கிறது. துண்டை எழுதியவர் இன்னும் அரை நிமிடம் செலவிட்டிருந்தால் தீர்ந்திருக்கும் ஐயம் இது.

"மாவட்டத்தின் பெயரைச் சேர்த்து எழுதினால் போதாதா?" என்று கேட்பீர்கள். சேர்த்து எழுதத்தான் வேண்டும். ஆனால் மாவட்டங்களும் மாறுகின்றன. 1985க்கு முன்னால் செட்டிநாட்டுக் கொத்தமங்கலம் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு பிரிக்கப்பட்ட புதிய மாவட்டம் முதலில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் என்றும், 1997 முதல் சிவகங்கை மாவட்டம் என்றும் வழங்கப்பட்டது. புதுக்கோட்டை மாவட்டமே 1974இல்தான் உருவாயிற்று. ஊர் அசையவில்லை; அதன் முகவரி மாறிவிட்டது. அதனால்தான் பிடித்த ஆண்டும் துண்டில் அவசியம். ஆண்டு தெரிந்தால் அக்காலத்து மாவட்டம் எது என்று கண்டுபிடித்துவிடலாம்.

அப்படியானால் நம் பெட்டியில் இருந்த பூச்சிக்கு விடை என்ன? விடை இல்லை என்பதுதான் விடை! அதன் உடல் பழுதில்லாமல் இருக்கலாம். சிறகு நரம்புகளைப் பார்த்து அதன் இனத்தைக்கூடச் சொல்லிவிடலாம். ஆனால் உலகப் படத்தில் அதற்கு ஒரு புள்ளி வைக்க எந்த விஞ்ஞானியாலும் முடியாது. முகவரி இல்லாத கடிதத்தைத் தபால்காரர் எந்த வீட்டில் கொடுப்பார்?

உங்கள் பங்கு

மாணவர்களே, இது எங்கோ லண்டனிலும் கான்சாஸிலும் நடக்கும் காரியம் என்று எண்ணவேண்டாம். தொங்குபூச்சிகள் நிழலும் ஈரமும் உள்ள புதர்களை விரும்புபவை. அவற்றின் புழுக்கள் தரையில், உதிர்ந்த இலைகளுக்கிடையே, செத்த பூச்சிகளைத் தின்று வளர்கின்றன. ஆகவே மழைக்குப் பிந்தைய நாட்களே தேடுவதற்கு ஏற்றவை. செட்டிநாட்டில் ஐப்பசி, கார்த்திகை மழை விட்டதும் கோயில் காட்டின் ஓரத்திலும், கண்மாய்க் கரைப் புதர்களிலும், ஊருணிக் கரை மரநிழலிலும் பொறுமையாகப் பாருங்கள். புல்தாளில் முன்னங்காலால் தொங்கும் நெடுங்காலியைக் கண்டால், முன்பு சொன்ன மூன்று அடையாளங்களையும் சோதியுங்கள்.

பிடித்துக் கொல்ல வேண்டியதில்லை. சிறகு, முகம், பாதம் மூன்றும் தெரியும்படி தெளிவான படங்கள் எடுத்தால் போதும். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் இவற்றை எழுதுங்கள்:

ஊர், வட்டம், மாவட்டம், மாநிலம். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தோடு தமிழிலும் எழுதுங்கள். கொத்தமங்கலத்துக்கும் கோதமங்கலத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் எழுத்துத்தான் காப்பாற்றும்.

அட்சரேகையும் தீர்க்கரேகையும். இன்று கைப்பேசியே இதைக் காட்டிவிடும். தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்கள் எழுதினால் சுமார் 110 மீட்டருக்குள் இடம் துல்லியமாகிவிடும்.

நாள், மாதம், ஆண்டு. மாதத்தை எண்ணால் எழுதாமல் பெயரால் எழுதுங்கள். 5-11 என்பது நமக்கு நவம்பர் 5. அமெரிக்கருக்கு மே 11!

எவ்வகை இடம், என்ன செடி, தரையிலிருந்து எவ்வளவு உயரம், அது என்ன செய்துகொண்டிருந்தது என்ற குறிப்பு. கடைசியாக, பார்த்தவர் பெயர்.

இக்குறிப்புகளை உங்கள் உயிரியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். 1916இல் தொடங்கப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் சென்னையில் இருக்கிறது. ஐயமுள்ள பூச்சிகளைப்பற்றி ஆசிரியர் மூலம் அங்கே கேட்டு எழுதலாம். ஒரு புதிய இனமே கண்டுபிடிக்கப்பட்டால், அதன் மாதிரியை நம் நாட்டில் அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்கவேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் விதித்திருக்கிறது. வாக்கர் காலத்தைப்போல மூல மாதிரிகளைத் தேடி லண்டனுக்குப் போகவேண்டிய நிலை நம் பேரப்பிள்ளைகளுக்கு வராது.

ஒரு கண்மாய்க் கரைப் புதர் வெட்டப்பட்டால், அதில் வாழ்ந்த சிறு பூச்சிகளைப்பற்றி எவரும் அழப்போவதில்லை. ஆனால் அவை அங்கே இருந்தன என்று ஒருவராவது எழுதி வைத்திருந்தால், எது போயிற்று என்பதாவது தெரியும். எழுதாவிட்டால், இருந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. குரும்பகரத்தை உலகப் படத்தில் வைத்தது சேகரித்தவரின் வலை மட்டும் அல்ல, அவர் எழுதிய துண்டுகளுந்தான். உங்கள் ஊருக்கும் ஒரு புள்ளி காத்திருக்கிறது. நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு, அடுத்த மழை விட்டதும் புறப்படுங்கள்!